கணவருக்கு வேலை ஜெர்மனியில். எனக்கு?

போன மாதம் இந்தப் பகுதியில் ஜெர்மனி வாழ்க்கை பற்றி ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் தம்பதிகளுடையவை. 2003-லிருந்து ஸ்டுட்கார்ட்டில் குடியிருப்பவள் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன். விசா விண்ணப்பம் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதற்குத் தூதரகத்தின் இணையதளம்தான் சரி. வந்து இறங்கிய பிறகு என்ன என்பதை மட்டும் பார்ப்போம்.

அக்கா, எனக்கு வயது 28. ஈரோட்டில் தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கார் உதிரிபாக நிறுவனத்தில் வேலை கிடைத்து ப்ளூ கார்டு (திறன்மிக்க வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான அனுமதி) விசாவும் வந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு நானும் போகிறேன். "நீ முதல்ல போய் செட்டில் ஆகு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள் வீட்டில். செட்டில் ஆவதற்கு நான் என்னதான் செய்ய வேண்டும்?
— வாசகி, ஈரோடு

உங்கள் கணவர் தானாகவே செட்டில் ஆகிவிடுவார். அவருக்குக் காலையில் போக ஓர் இடம் இருக்கிறது. கம்பெனியில் யாராவது அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருவார்கள், படிவம் நிரப்பித் தருவார்கள், மதியம் கூட உட்கார்ந்து சாப்பிட நாலு பேர் இருப்பார்கள். உங்களுக்கென்று அப்படி யாரையும் யாரும் நியமிப்பதில்லை. வீட்டு ஒப்பந்தம் அவர் பெயரில், மின்சாரம் அவர் பெயரில், இணைய இணைப்பு அவர் பெயரில், வங்கிக் கணக்கும் அவருடையது. இப்படி ஆரம்பித்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் கழித்து அந்தப் பெண்ணால் சொந்தமாக ஒரு சிம் கார்டு மாற்றக்கூட முடிவதில்லை. கணவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அவசரத்தில் எல்லாவற்றையும் அவரே செய்துவிட்டார், அவ்வளவுதான். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் வாரத்திலிருந்தே எதெதில் முடியுமோ அதிலெல்லாம் உங்கள் பெயர் இருக்கட்டும்.

தபால் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். சிரிக்காதீர்கள். ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளின் முகவரியில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், பெயர், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். இந்த நாட்டில் முக்கியமான எல்லாமே இன்னும் காகிதத்தில்தான் வருகிறது: வரி அடையாள எண், காப்பீட்டு அட்டை, வங்கியின் ரகசிய எண். நம் ஊர்ப் பெண்களின் பின்பெயர் அப்பா பெயராக இருக்கும், கணவருடைய பின்பெயர் மாமனார் பெயராக இருக்கும். ஆக ஒரே வீட்டில் இரண்டு பெயர். இரண்டையும் ஒட்டுங்கள், அழைப்பு மணியிலும் சேர்த்து.

பெயர் என்றதும் இன்னொன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் இங்கே தலைவலி. ஜெர்மன் படிவங்களுக்கு முன்பெயர், குடும்பப்பெயர் இரண்டும் வேண்டும். இனிஷியல் என்றால் அவர்களுக்குப் புரியாது. பயணத்துக்கு நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டில் அதைச் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். முடியாவிட்டால், குடியிருப்பு அனுமதி அட்டையில் எப்படி அச்சாகிறதோ அதே எழுத்துகளை வங்கி, காப்பீடு, வகுப்பு என்று எல்லா இடத்திலும் எழுதுங்கள். உங்களை யாராவது அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள், அது நீங்கள்தான்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். ஸ்டுட்கார்ட்டில் பியூர்கர்பியூரோ என்ற அலுவலகத்தில் நடக்கும். வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட குடியமர்வுச் சான்று இல்லாமல் போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். கணவர் மட்டும் போய் முடித்துவிடலாம் என்றாலும் நீங்களும் கூடப் போங்கள். அங்கே மதம் கேட்பார்கள். நீங்கள் கத்தோலிக்கராகவோ 'எவாங்கேலிஷ்' எனப்படும் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவராகவோ பதிந்தால் வருமான வரியோடு சர்ச் வரியும் பிடிப்பார்கள். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க், பவேரியா ஆகிய இரண்டு மாநிலங்களிலும் வருமான வரித் தொகையில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இது கிடையாது. கிறிஸ்தவத் தம்பதிகள் பலருக்கு முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் இது தெரியவருகிறது.

மருத்துவக் காப்பீடு: கணவர் பொதுக் காப்பீட்டில் சேர்ந்தால் வருமானம் இல்லாத மனைவி கூடுதல் கட்டணம் இல்லாமல் அதிலேயே சேர்ந்துகொள்ளலாம். ஆனால் அட்டை தனி, உங்கள் புகைப்படத்தோடு வரும். வந்தவுடனே பக்கத்தில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேடிப் பதிந்துகொள்ளுங்கள். காய்ச்சலோடு தேடினால் "புது நோயாளிகளை எடுப்பதில்லை" என்ற பதில்தான் கிடைக்கும். மருத்துவரின் கிளினிக் மூடிய நேரத்தில் 116117, உயிர் போகிற அவசரம் என்றால் 112.

சரி, வேலை. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு முதல் நாளிலிருந்தே வேலை பார்க்க அனுமதி உண்டு. விசாவுக்கு ஜெர்மன் மொழிச் சான்றும் கேட்பதில்லை. இந்தச் சலுகைதான் பலரைச் சோம்பேறி ஆக்குகிறது. சான்று கேட்கவில்லை என்பதால் மொழி தேவையில்லை என்று ஆகாது. கம்ப்யூட்டர் துறையில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம். நீங்கள் வங்கி ஆள். வாடிக்கையாளரோடு பேச வேண்டிய எந்த வேலைக்கும் ஜெர்மன் வேண்டும், அதுவும் சுமாரான ஜெர்மன் போதாது. ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூரின் ஜெர்மன் மொழி மையமான கோத்தே சென்டரம் எட்டும் தூரம்தான். டிக்கெட் போடுவதற்கு முன்பே ஏ1 என்ற தொடக்கநிலை வகுப்பில் சேருங்கள். வந்த பிறகு 'ஒருங்கிணைப்பு வகுப்பு' இருக்கிறது: 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டின் சட்டம், வரலாறு, பழக்கவழக்கம். பி1 என்ற இடைநிலை வரை கொண்டுபோய் விடுவார்கள். குடியிருப்பு அட்டைக்குப் போகும்போதே வெளிநாட்டவர் அலுவலகத்தில் இதற்கு அனுமதிச் சீட்டு கேளுங்கள். ஸ்டுட்கார்ட்டில் ரோட்டபியூல்பிளாட்ஸில் இருக்கும் ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே, அதாவது நகரத்தின் மக்கள் கல்லூரி, மொழி வகுப்புகளுக்கு நல்ல இடம். பக்கத்து பெஞ்சில் சிரியாக்காரரும் பிரேசில்காரியும் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது அந்த உடைந்த ஜெர்மன் மட்டும்தான் என்பதால் பேசாமல் இருக்கவே முடியாது. ஆங்கிலம் பேசும் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் இந்தக் கட்டாயம் வராது.

ஒரு எச்சரிக்கை: வகுப்பில் படிப்பது ஒரு ஜெர்மன், ஸ்டுட்கார்ட் மாடிப்படியில் கேட்பது அந்த வட்டாரப் பேச்சான ஸ்வாபிய ஜெர்மன். படித்தது எல்லாம் வீணோ என்று தோன்றும். வடக்கேயிருந்து வரும் ஜெர்மானியர்களுக்கே பாதி புரியாது, விடுங்கள்.

உங்கள் பட்டம் இங்கே எந்த அளவுக்குச் செல்லும் என்று 'அனாபின்' என்ற அரசுத் தரவுதளத்தில் பார்க்கலாம். டாக்டர், நர்ஸ், பள்ளி ஆசிரியர் போன்ற வேலைகளுக்கு முறையான அங்கீகாரம் கட்டாயம். வங்கி வேலைக்கு அது கட்டாயமில்லை. வேலை கிடைத்ததும் வரி வகுப்பைப் பற்றி, அதாவது மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று முடிவு செய்யும் எண்ணைப் பற்றி, இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கணவருக்கு மூன்று, மனைவிக்கு ஐந்து என்று வைத்தால் அவர் கையில் மாதாமாதம் கூடுதலாக வரும், உங்கள் சம்பளத்தில் பிடித்தம் பயங்கரமாக இருக்கும். வருடக் கடைசியில் கூட்டாக வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் மொத்தம் ஒன்றுதான் என்பார்கள். உண்மைதான். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வரும் பெற்றோர் உதவித்தொகையும், வேலை போனால் வரும் உதவித்தொகையும் உங்கள் நிகரச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். நான்கு-நான்கு என்று இருப்பது எனக்குப் பிடிக்கும். "சம்பாதிப்பதெல்லாம் வரிக்கே போகுது, எதுக்கு வேலைக்குப் போறே?" என்ற பேச்சு அப்போது வீட்டில் எழாது.

மேடம், அடுத்த மாதம் நானும் மனைவியும் ஃபிராங்க்ஃபர்ட் போகிறோம். வீட்டு விளம்பரங்களில் இரண்டு வாடகை போட்டிருக்கிறார்கள். அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார்கள்?
— வாசகர், மதுரை

குறைவாக இருப்பது 'கால்ட்மீட்டே', வெறும் இடத்துக்கான வாடகை. கூடுதலாக இருப்பது 'வார்ம்மீட்டே'. அதில் தண்ணீர், குப்பை, படிக்கட்டு பராமரிப்பு, வழக்கமாக வெப்பமூட்டும் செலவும் சேர்ந்திருக்கும். வீட்டு மின்சாரம் பெரும்பாலும் இரண்டிலும் வராது, அதற்குத் தனி ஒப்பந்தம். வெப்பமூட்டும் செலவு ஒரு உத்தேசக் கணக்குதான். வருடம் முடிந்து கணக்குப் பார்த்து மீதியைக் கேட்பார்கள். முதல் குளிர்காலத்தில் எல்லா அறையிலும் ஹீட்டரை உச்ச எண்ணான ஐந்தில் வைத்துவிட்டு அப்புறம் அதிர்ச்சி அடையாதீர்கள்.

அட்வான்ஸ் சட்டப்படி மூன்று மாதக் கால்ட்மீட்டேவைத் தாண்டக்கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாமல் மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டைப் பார்க்காமல், சாவி கைக்கு வராமல், "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணத்தை அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்" என்பவருக்கு ஒரு சென்ட் கூட அனுப்பாதீர்கள்.

வாடகை வீட்டில் சமையலறை இருக்கும் என்று நினைக்காதீர்கள். அறை இருக்கும், அடுப்பும் சிங்க்கும் அலமாரியும் முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். மேலே விளக்குக்குப் பதில் இரண்டு வயர் தொங்கும். விளம்பரத்தில் சமையலறை உண்டா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் நாளில் சுவர்க் கீறல், தரைக் கறை எல்லாவற்றையும் ஒப்படைப்புச் சீட்டில் எழுதிப் படமும் எடுங்கள். காலி செய்ய மூன்று மாத நோட்டீஸ். ஒப்பந்தத்தில் மனைவியின் பெயரையும் கையெழுத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர்கள் பொதுவாக மறுப்பதில்லை.

வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். டி.வி. இல்லையே என்று கிழித்துப் போடாதீர்கள். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான், இருவரும் தனித்தனியாகக் கட்ட வேண்டாம்.

அம்மா, என் மகளும் மருமகனும் ஹாம்பர்க் போகிறார்கள். இரண்டு கிலோ நெய், பால்கோவா, கறிவேப்பிலை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். மருமகன் வேண்டாம் என்கிறார்.
— வாசகி, தஞ்சாவூர்

இந்த ஒரு விஷயத்தில் மருமகன் பக்கம்தான் நான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் பால் பொருள்தான், விமான நிலையச் சுங்கத்தில் பார்த்தால் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். கறிவேப்பிலைக்கும் தடை உண்டு. 2019 டிசம்பரிலிருந்து புதிய காய், இலை, பழம் எதற்கும் தாவர நலச் சான்று வேண்டும். விதிவிலக்கு ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, முள்நாறிப்பழம் (டுரியன்). தேங்காய் வேண்டுமானால் கொடுத்தனுப்புங்கள் அம்மா, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கறிவேப்பிலைப் பொடி, சாம்பார்ப் பொடி, வத்தல், வடகம், புளி தாராளமாகப் போகலாம். கருவாட்டுக்கும் அனுமதி உண்டு, ஆனால் பெட்டியில் இருக்கும் புடவைகளை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் கடைகள் பெரிய ஊர்களில் எல்லாம் இருக்கின்றன. முருங்கைக்காய் வரைக்கும் கிடைக்கும். உளுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய காலம் போய்விட்டது. அந்த எடைக்கு மகளின் சான்றிதழ்களின் அசல், திருமணப் பதிவுச் சான்று, பழைய மருத்துவ அறிக்கைகள், இரண்டு நல்ல மூக்குக் கண்ணாடிகள் ஆகியவற்றை வையுங்கள். போனில் பேசும் நேரத்துக்கு ஒரு கணக்கு: கோடையில் அவர்கள் உங்களுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மிக்ஸி போட்டோம். கீழ்வீட்டு அம்மா கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். மூனிக் வந்து நான்கு மாதத்தில் இது இரண்டாவது சீட்டு. இங்கே மனிதர்கள் வாழலாமா கூடாதா?
— எரிச்சலில் ஒரு கணவர்

வாழலாம், சத்தமில்லாமல். ஞாயிறு ஓய்வு நாள் என்பது இங்கே அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919-ஆம் ஆண்டு வைமர் அரசியல் சட்டத்தில் எழுதியதை 1949-இல் அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். கடைகள் மூடியிருப்பதும் அதனால்தான். சுவரில் துளை போடுவது, கண்ணாடிப் பாட்டில்களை மறுசுழற்சித் தொட்டியில் எறிவது எல்லாம் அன்றைக்குக் கூடாது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை எல்லா நாளும் அமைதி. இட்லி மாவை சனிக்கிழமை மாலையே அரைத்து வைத்துவிடுங்கள்.

அந்தச் சீட்டை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் போலீசுக்குப் போவதற்கு முன் எழுதிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து கீழே போய்ப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நம் ஆட்கள் வருடக்கணக்கில் இதைச் செய்யாமலேயே "பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்காவது மூனிக். எங்கள் ஸ்டுட்கார்ட்டில் 'கேர்வோகே' என்று ஒன்று உண்டு: வாரம் ஒரு வீடு முறை வைத்துப் படிக்கட்டையும் நடைபாதையையும் பெருக்க வேண்டும். முறை வந்ததைத் தெரிவிக்கக் கதவில் ஒரு பலகையைத் தொங்கவிடுவார்கள். எங்கள் கட்டடத்துப் பாட்டிகளோடு எனக்கு நட்பு வந்தது துடைப்பத்தின் வழியாகத்தான்.

சமைக்கிற வீடு என்பதால் இதையும் கேளுங்கள்: ஜன்னலை லேசாகச் சாய்த்து வைத்தால் போதாது. குளிர்காலத்திலும் தினம் சில தடவை அகலத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் காற்றோட விடுங்கள். ஹீட்டரை அப்போது அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மூலையில் கறுப்புப் பூஞ்சை வரும். வீட்டுக்காரர் அட்வான்ஸில் கை வைப்பார்.

பெயரும் ஊரும் வேண்டாம். இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சண்டை வந்தால் "உன் விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்கிறார். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. கை நீட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

தங்கையே, முதலில் ஒன்று: உங்கள் குடியிருப்பு அனுமதியை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதைத் தீர்மானிப்பது வெளிநாட்டவர் அலுவலகம். ஜெர்மனியில் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு பிரிந்தால் மனைவிக்குத் தனி உரிமை வரும் என்பது பொது விதி. வீட்டில் வன்முறை இருந்தால் மூன்று வருடம் முடிந்திருக்க வேண்டியதில்லை, அதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. பாஸ்போர்ட் உங்களுடையது, அதை அவர் பூட்டி வைக்க முடியாது.

116 016 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பெண்களுக்கு எதிரான வன்முறைக்கான உதவி எண், நாள் முழுதும் இலவசம், பெயர் சொல்ல வேண்டாம், ஆங்கிலத்திலும் பேசலாம். உங்கள் ஊரிலேயே இருக்கும் ஆலோசனை மையத்தைச் சொல்வார்கள். அடி விழுந்தால் 110. போலீஸ் வந்தால் வீட்டை விட்டு வெளியே போகச் சொல்வது அடித்தவரைத்தான், அடி வாங்கியவரை அல்ல. மருத்துவரிடம் காயத்தைக் காட்டி எழுதி வாங்கி வையுங்கள். எல்லா ஆவணங்களையும் படம் எடுத்து, நம்பும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "கொஞ்ச நாள் ஊருக்குப் போய் இருந்துவிட்டு வா" என்று டிக்கெட் நீட்டினால், பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, திரும்பி வரும் டிக்கெட் மூன்றும் உங்கள் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டால் பொதுவாக அனுமதி காலாவதியாகிவிடும். அப்படி ஊரில் விடப்பட்ட பெண்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். முடிந்தால் மீண்டும் எழுதுங்கள், பத்திரிகையில் வராமல் நேராகப் பதில் தருகிறேன்.

இந்திய டிரைவிங் லைசென்ஸை வைத்து அங்கே எத்தனை நாள் ஓட்டலாம்? இருவரிடமும் லைசென்ஸ் இருக்கிறது.
— வாசகர், திருநெல்வேலி

குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம். கூட மொழிபெயர்ப்போ சர்வதேச அனுமதியோ வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதித்தான் ஜெர்மன் லைசென்ஸ் வாங்க வேண்டும். கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு இரண்டும் உண்டு. ஏற்கெனவே லைசென்ஸ் இருப்பவர்களுக்குக் கட்டாயப் பயிற்சி மணி நேரம் கிடையாது என்றாலும், ஓட்டும் தேர்வுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி வழியாகத்தான் போக முடியும். நாலு வகுப்பாவது எடுங்கள். வலது பக்கம் ஓட்டுவதை விட, வலதுபுறத்திலிருந்து வருபவருக்கு வழி விடும் விதிதான் நம்மவர்களைத் தேர்வில் கவிழ்க்கிறது. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம்.

செலவுக்கு யோசித்து மனைவியின் லைசென்ஸை அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள், இருவரும் ஒன்றாக எழுதுங்கள். கார் வாங்க அவசரமில்லை. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய 'டாய்ச்லாந்து டிக்கெட்' விலை ஏறினாலும் இன்னும் லாபம்தான். நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் செல்லும், ஐ.சி.இ., ஐ.சி. போன்ற நெடுந்தூர ரயில்களில் மட்டும் ஏறிவிடாதீர்கள். டிக்கெட் ஆளுக்கு ஒன்று, அவரவர் பெயரில். ஒன்றை வாங்கி இருவர் மாற்றி மாற்றிப் போக முடியாது.